வெள்ளைப் பெட்டியும் டர்பன் ஈரமும்

கடலோரன் · பிப்ரவரி 4

உப்பு விற்கப் போனால் மழை, உமி விற்கப் போனால் காற்று. தென்னாப்பிரிக்காவின் ஈரமான டர்பனில் இருந்துகொண்டு எழுபதுகளின் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர ஆட்டம்) புத்தகங்களைச் சேர்ப்பதும் அந்தக் கணக்குதான். பூசணம், துரு, ராமபாணப் பூச்சி. கிடைப்பதை வறண்ட ஊர்க்காரர்களான ஜோஹன்னஸ்பர்க்காரர்களிடம் தள்ளிவிடுவதே புத்தி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

அதற்குமுன் ஒரு கேள்வி. ஒரு தொகுப்பு விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளைப் பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகம். 'மான்ஸ்டர் மேனுவல்' ஒன்று, 'டெய்ட்டிஸ் அண்ட் டெமிகாட்ஸ்' ஒன்று, மாட்யூல் (ஆடுவதற்குத் தயாரான சாகசக் கதைப் புத்தகம்) ஏழெட்டு, பகடை ஒரு பை, ஈயப் பொம்மை ஒரு பிஸ்கட் டப்பா நிறைய. விற்பவர் எல்லாவற்றையும் 'முதல் பதிப்பு' என்கிறார். எதைப் பார்த்து நம்புவது?

மரநிறம் · பிப்ரவரி 4

பெட்டி வெள்ளை என்றாலே முதல் அச்சு இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

1974 ஜனவரியில் வந்த டி அண்ட் டியின் முதல் அச்சு 1000 பிரதி. மரத்தின் ரேகை அச்சிட்ட தாள் ஒட்டிய பழுப்புப் பெட்டி. 1975இல் வந்த இரண்டாம், மூன்றாம் அச்சுகளும் அதே மரநிறம்தான். நான்காவதிலிருந்துதான் வெள்ளை. 1977இன் ஆறாம் அச்சில் பெட்டி முகப்பில் 'ஒரிஜினல் கலெக்டர்ஸ் எடிஷன்' என்று போட்டிருக்கும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், வெள்ளைப் பெட்டிகளில் அதிகம் புழங்குவது அந்த வகைதான்.

பெட்டியை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். 'மென் அண்ட் மேஜிக்' புத்தகத்தில் ஹாபிட் என்ற சொல் இருக்கிறதா, ஹாஃப்லிங் என்று இருக்கிறதா? இந்தப் பெயர்கள் வரும் டோல்கீன் கதைகளின் உரிமைக்காரர்கள் ஆட்சேபித்த பிறகு ஆறாம் அச்சில் ஹாபிட் போய் ஹாஃப்லிங் வந்தது, என்ட் போய் ட்ரீயன்ட் வந்தது, பால்ராக் காணாமல் போனது. மூன்று புத்தகத்திலும் இந்தச் சோதனையைச் செய்யவேண்டும். ஒன்றில் பழைய சொல், இன்னொன்றில் புதுச் சொல் என்றால் இரண்டு பெட்டிகளைக் கலந்து ஒன்றாக்கி விற்கிறார்கள். இது மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆட்டக்காரர்கள் கடன் கொடுத்து வாங்கியதில் நாற்பது வருடத்தில் தானாகவே கலந்திருக்கும். விலையில் மட்டும் அது தெரியவேண்டும்.

பெட்டியில் ஆட்ட அட்டவணைகள் அச்சிட்ட பட்டியல்தாள்களும் தனியாக இருக்கவேண்டும். முதலில் தொலைவது அவைதான்.

மரநிறம் · பிப்ரவரி 5

நேற்று விட்டது: பதிப்பு வேறு, அச்சு வேறு. 'முதல் பதிப்பு' என்று நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் 1977 முதல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி விதித்தொகுதியை. அதன் முதல் பதிப்புப் புத்தகம் பதினைந்தாவது அச்சாகவும் இருக்கலாம். விற்பவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை.

'மான்ஸ்டர் மேனுவல்' 1977, 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' 1978, 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்' 1979. அட்டைப்படமே பாதி விடை சொல்லும். 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் ட்ராம்பியர் வரைந்த பெரிய சிலையும் அதன் கண்மணியைப் பெயர்த்தெடுக்கும் திருடர்களும் என்றால் பழைய அட்டை. ஜெஃப் ஈஸ்லி வரைந்த மந்திரவாதி, ஆரஞ்சு முதுகு என்றால் 1983க்குப் பிந்தியது. 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்' முதல் அச்சின் சில பிரதிகளில் 'மான்ஸ்டர் மேனுவல்' பக்கங்கள் தவறிக் கலந்து கட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்து 'குறைப் பிரதி' என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கடலோரன் · பிப்ரவரி 5

சாமிப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள் அண்ணே. அதில் நம் ஆட்களும் இருக்கிறார்களாமே. இருந்தால் பழைய அச்சு என்கிறார் விற்பவர்.

மரநிறம் · பிப்ரவரி 5

அவர் சொல்வது தப்பு. 'டெய்ட்டிஸ் அண்ட் டெமிகாட்ஸ்' 1980இல் வந்தபோது 144 பக்கம். கற்பனைக் கதைகளிலிருந்து எடுத்த கதுல்ஹு, மெல்னிபோனே என்ற இரண்டு பகுதிகள் அதில் இருந்தன. பிறகு அவை இரண்டையும் எடுத்துவிட்டு 128 பக்கமாக அச்சிட்டார்கள். இந்தியக் கடவுளர் பகுதியை யாரும் எடுக்கவில்லை, அது இரண்டு வகையிலும் இருக்கிறது. அதனால் கார்த்திகேயன் இருக்கிறாரா என்று பார்ப்பதில் பயனில்லை. கடைசிப் பக்க எண்ணைப் பாருங்கள்.

144 பக்கத்திலேயே இரண்டு உண்டு. கேயாசியம் நிறுவனத்துக்கு நன்றி சொல்லும் வரி இல்லாதது முதல் அச்சு, இருப்பது இரண்டாவது. 1985இல் இதே புத்தகம் ஈஸ்லியின் புது அட்டையோடு 'லெஜண்ட்ஸ் அண்ட் லோர்' என்று பெயர் மாறி வந்தது. அதையும் இதையும் வெவ்வேறு புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்குகிறவர்கள் உண்டு.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் வீட்டில் முருகனுக்கு இத்தனை ஹிட் பாயிண்ட் (உயிர்ப்பலம்), இத்தனை ஆர்மர் கிளாஸ் (கவச மதிப்பு) என்று அச்சிட்ட புத்தகத்தை எங்கே வைப்பது என்ற சிக்கல் தனி. பூஜை அலமாரிப் பக்கம் மட்டும் வேண்டாம். பக்தி காரணம் இல்லை. விளக்குப் புகையும் சாம்பிராணியும் தாளின் மேல்விளிம்பில் எண்ணெய்ப் படலமாகப் படிந்தால் எதைக் கொண்டும் எடுக்க முடியாது.

உம்பிலோ அக்கா · பிப்ரவரி 6

'மான்ஸ்டர் மேனுவல்' ராட்சசனைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே தம்பி. புலித்தலை, கோட்டு, வாயில் சுங்கான். பாட்டி கதையில் வந்த எந்த ராட்சசனும் அவ்வளவு சொகுசாக உட்கார்ந்திருந்ததில்லை. மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவானாம். வேப்பிலைக்கு மசியமாட்டான் போலிருக்கிறது.

அது கிடக்கட்டும். மாட்யூல்களை எப்படிப் பார்ப்பது என்று எழுதுங்கள். ஏமாற்று அங்கேதான் அதிகம்.

மரநிறம் · பிப்ரவரி 9

மாட்யூல்.

பழைய மாட்யூலின் அட்டை புத்தகத்தோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டதல்ல, தனியாக மடித்த ஒரு கெட்டித்தாள். அதன் உட்புறத்தில் நிலவரைபடம் வெளிர்நீலத்தில் இருக்கும். ஆகவே அட்டை இல்லாத புத்தகம், புத்தகம் இல்லாத அட்டை, வேறொரு அச்சின் அட்டைக்குள் செருகிய புத்தகம் எல்லாமே சந்தையில் சுற்றுகின்றன. படம் கேட்கும்போது அட்டையின் உட்புறத்தையும் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் ஒரே படத்தில் கேளுங்கள். எஸ்1, எஸ்3 என்று குறியெண் போட்ட மாட்யூல்கள் இரண்டிலும் ஆட்டக்காரர்களுக்குக் காட்டும் படப்புத்தகம் தனியாக உண்டு. அது இல்லையென்றால் பாதிதான் வாங்குகிறீர்கள்.

1978இன் ஜி1, ஜி2, ஜி3 போன்ற மாட்யூல்கள் முதலில் ஒற்றை நிற அட்டையோடு வந்தன, பிறகு வண்ண அட்டை போட்டார்கள். ஒற்றை நிற அட்டையைத்தான் இப்போது ஸ்கேன் செய்து அச்சடித்து விற்கிறார்கள். பிடிப்பது சுலபம். 30 மடங்கு உருப்பெருக்கி ஒன்று போதும். அசலில் அந்த நிறம் ஒரே மையாகப் பரவியிருக்கும், புள்ளி தெரிந்தாலும் அதே நிறப் புள்ளிதான். நகலில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகள் கோலம்போல் அடுக்கியிருக்கும். எழுத்தையும் பாருங்கள். லேசர் அச்சின் கறுப்பு தாளின் மேலே உட்கார்ந்து மினுக்கும், ஓரத்தில் தூள் சிதறியிருக்கும். ஆஃப்செட் மை தாளுக்குள் இறங்கி மங்கலாகத் தெரியும்.

பி3 மாட்யூல் விஷயம் தெரிந்ததுதான். 1981இல் ஆரஞ்சு அட்டையில் அச்சடித்து உடனே திரும்பப் பெற்றுவிட்டார்கள். பிறகு மோல்ட்வே என்ற எழுத்தாளர் திருத்தி எழுதி பச்சை அட்டையில் வந்தது. பச்சை தாராளமாகக் கிடைக்கிறது. அந்த ஆரஞ்சுக் கதையைச் சொல்லிப் பச்சைக்கு ஆரஞ்சு விலை கேட்பவர்கள் அதைவிடத் தாராளமாகக் கிடைக்கிறார்கள்.

எஸ்டி1 மாட்யூல் என்று யாராவது சொன்னால் நின்று பாருங்கள். 1986இல் இங்கிலாந்தின் ஸ்டோக்கில் நடந்த தோட்டக் கண்காட்சிக்காக அச்சிட்டது. அது டர்பன் தானக் கடையில் கிடைக்கும் என்று கனவு காணவேண்டாம். காணலாம், காசு செலவில்லை.

கடலோரன் · பிப்ரவரி 9

சரி, வாங்கிவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஈரத்துக்கு என்ன செய்வது? என் கட்சி இன்னும் நிற்கிறது.

மரநிறம் · பிப்ரவரி 10

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூசணம் வரும். டர்பன் கோடையில் வீட்டுக்குள்ளேயே 75, 80 சாதாரணம். ஆகவே திறந்த அலமாரியில் வைப்பதாக இருந்தால் உங்கள் கட்சியே சரி.

வேண்டியது ரப்பர் விளிம்பு வைத்த 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஒரு ஈரமானி, 250 கிராம் சிலிக்கா ஜெல். ஜெல்லைத் துணிப்பையில் கட்டுங்கள். மணி உடைந்து தூளானால் அட்டையைக் கீறும். ஆரஞ்சு மணி பச்சையானதும் அகலத் தட்டில் பரப்பி 120 டிகிரி அடுப்பில் 2 முதல் 3 மணி நேரம். நீலநிற மணி வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது. இலக்கு 45 முதல் 55.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை. ஸ்டேஷனரிக் கடையில் மலிவாகக் கிடைக்கும், மோந்தால் புது ஷவர் திரைபோல் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே கசிந்து அட்டை மையை உறையோடு ஒட்டவைத்துவிடும். உரித்தால் படம் உறையோடு வரும்.

உம்பிலோ அக்கா · பிப்ரவரி 10

ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த குலம் நாம். அதை ஏன் விட்டீர்கள்?

மரநிறம் · பிப்ரவரி 11

வைக்கலாம் அக்கா, தாளைத் தொடாமல். காய்ந்த வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம். சுவடிக்கு எண்ணெய் பூசினால் ஓலை தாங்கும், தாளில் பூசினால் அது நிரந்தரக் கறை. வசம்பு ஈரத்தைக் குறைக்காது என்பதையும் மறக்கக்கூடாது.

அந்துருண்டை மட்டும் கூடவே கூடாது. நாப்தலீன் ஆவி ஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். பகடைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெல்லக்கட்டிபோல் வரும்.

ராமபாணம் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், முக்கியமாகப் பசை இருக்கும் இடத்தை. வட்டத் துளை தெரிந்தால் அது வண்டுப் புழு. இரண்டுக்கும் ஒரே மருந்து. புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் −18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும். உடனே திறந்தால் டர்பன் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த அட்டைமேல் முத்துமுத்தாக இறங்கும்.

கடலோரன் · பிப்ரவரி 11

லோட் ஷெடிங்கை மறந்துவிட்டீர்கள்.

மரநிறம் · பிப்ரவரி 11

மறக்கவிடுவார்களா. நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேர மின்வெட்டைத் தாங்கும். காலி ஃப்ரீசர் தாங்காது. இடம் இருந்தால் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி நிரப்புங்கள். உள்ளே உருகத் தொடங்கினால் இரண்டு வாரக் கணக்கை முதலிலிருந்து எண்ணவேண்டும்.

மரநிறம் · பிப்ரவரி 23

திருத்தம். 250 கிராம் ஜெல் போதும் என்று 10ஆம் தேதி எழுதியது பாதி உண்மை.

தாளே தண்ணீர் குடித்து உட்கார்ந்திருக்கிறது. 80 விழுக்காட்டு ஈரத்தில் பழகிய 10 கிலோ புத்தகத்தை 50க்கு இறக்கவேண்டுமானால் ஏறத்தாழ 300 கிராம் தண்ணீர் வெளியே வரவேண்டும். 250 கிராம் ஜெல் அந்த நிலையில் 60, 70 கிராம்தான் பிடிக்கும். ஆகவே பெட்டியை மூடிய மறுநாளே ஜெல் பச்சையாகிவிடும், ஈரமானி 70லேயே நிற்கும், ஜெல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். ஜெல்லில் குற்றமில்லை.

இரண்டு வழி. ஒன்று, முதல் இரண்டு வாரம் ஜெல்லை நாலைந்து முறை காயவைத்துக் காயவைத்துப் போடுவது. இன்னொன்று, ஜூன், ஜூலையில் உள்நாட்டு வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் புத்தகங்களை நிழலில் செங்குத்தாக விரித்து இரண்டு நாள் வைத்துவிட்டு, இரண்டாம் நாள் மாலையே பெட்டியில் போட்டு மூடுவது. இரண்டாவதுதான் மேல். அதன்பிறகு 250 கிராம் மாதக்கணக்கில் தாங்கும். கோடையில் வாங்கினதைக் குளிர்காலம் வரை ஏசி ஓடும் அறையில் வையுங்கள்.

உம்பிலோ அக்கா · பிப்ரவரி 24

அப்படியானால் ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலம் சொர்க்கம் என்று கடலோரன் சொல்வது சரிதானே?

மரநிறம் · பிப்ரவரி 24

இல்லை அக்கா. அங்கே குளிர்காலத்தில் ஈரம் 30க்குக் கீழே போகும். பசை காய்ந்து மொறுமொறுப்பாகும், பெட்டி மூலைகள் தானாகப் பிளக்கும். 1985இன் 'அன்எர்த்டு ஆர்கானா' எந்த ஊரிலும் கட்டு கழன்றுபோவதற்குப் பேர்போனது. வறண்ட ஊரில் அதைத் திறப்பதே ஆபத்து. ஷ்ரிங்க் உறை பிரிக்காத பெட்டிகளும் அங்கே பாடுபடும். உறை வருடா வருடம் சுருங்கிக்கொண்டே இருக்கும், காய்ந்த அட்டை அந்த இழுப்பில் வில்லாக வளையும். இங்கே அதே உறை ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். எந்த ஊரானாலும் மூடின பெட்டியும் ஈரமானியும்தான் கதி.

கடலோரன் · மார்ச் 2

கட்சியைப் பாதி கலைத்துவிட்டேன். தொகுப்பும் வந்துவிட்டது. மாட்யூல் பின்கள் துரு. 'மான்ஸ்டர் மேனுவல்'மேல் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் ஒட்டும் பிளாஸ்டிக். பகடைப் பை திறந்தால் ஐந்துதான். பெட்டி மூலை மூன்று கிழிசல்.

மரநிறம் · மார்ச் 3

ஒவ்வொன்றாக.

ஒட்டும் பிளாஸ்டிக்: தொடாதீர்கள். உரித்தால் அட்டை மை கூடவே வரும். ஓரம் மட்டும் தூக்கியிருந்தால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு நிறுத்துங்கள். இந்த நாட்டில் எண்பதுகளின் புத்தகங்களில் பழுப்புத்தாள் போட்டதும் நிறையப் பார்க்கலாம். பள்ளிப் பழக்கம் பாதி, அட்டையில் இருக்கும் கொம்பு முளைத்த பூதத்தை மறைப்பது பாதி. சாத்தான் வழிபாடு பற்றிய பீதி அப்படி. 1992இல் காவல்துறை மாந்திரீகக் குற்றங்களுக்கென்றே தனிப்பிரிவு அமைத்த நாடு இது. ஒட்டாமல் மடித்துப் போட்ட பழுப்புத்தாள் நல்ல சகுனம். உள்ளே அட்டை புதுசாக இருக்கும்.

பகடை: ஐந்து என்றால் குறை என்று நினைக்காதீர்கள். 1977இல் ஹோம்ஸ் தொகுத்த தொடக்கநிலை டி அண்ட் டி பெட்டியில் வந்ததே ஐந்துதான். மஞ்சள் நாலுமுகம், ஆரஞ்சு ஆறுமுகம், பச்சை எட்டு, நீலம் பன்னிரண்டு, வெள்ளை இருபது. இருபது முகத்தில் 0 முதல் 9 வரை இரண்டு முறை இருக்கும். பத்துமுகம் அப்போது கிடையாது. பிளாஸ்டிக் மிருது, உருட்ட உருட்ட மூலை மழுங்கிக் கூழாங்கல்லாகிவிடும். மூலை கூராக இருந்தால் யாரும் ஆடவில்லை என்று பொருள். 1979இல் பகடை தட்டுப்பாடு வந்து, வெட்டி எடுக்கும் எண் அட்டைகளைப் பெட்டியில் போட்டார்கள். அந்த அட்டை வெட்டாமல் முழுதாக இருந்தால் பகடையைவிட அதுதான் அரிது.

பெட்டிக்குள் கிரேயான் இருந்தால் வெளியே எடுத்துத் தனித்தாளில் பொதியுங்கள். பகடை எண்ணில் தேய்க்கக் கொடுத்த மெழுகு அது. பிப்ரவரி வெயிலில் பக்கியின் (பிக்கப் வண்டியின்) டாஷ்போர்டில் பெட்டியை வைத்துவிட்டுப் போனால் புத்தகமே தாளித்ததுபோல் ஆகிவிடும்.

மரநிறம் · மார்ச் 3, இரவு

பின். துரு மேலோட்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அசல் பின் போனால் மதிப்பும் போகும். தாளைத் தின்று பழுப்பு வட்டம் விரிந்தால் மட்டும் கை வையுங்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, பின் காலுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகித் தாளைக் காத்துக்கொண்டு, மூங்கில் குச்சியால் காலை நிமிர்த்தி, வெளிப்புறமாக இழுக்கவேண்டும். கத்தியும் இடுக்கியும் ஒருங்கே கையில் இருந்தால் அவசரப்படத் தோன்றும். பழைய துளையிலேயே துருப்பிடிக்காத எஃகுப் பின்னையோ லினன் நூலையோ கோக்கலாம். விற்கும்போது அதைச் சொல்லிவிடவேண்டும்.

பெட்டி மூலை. செலோடேப் கூடாது, ஃபெவிகால் வகைப் பசையும் கூடாது. பின்னால் பிரிக்கவே முடியாது. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, சிறுதீயில் கிண்டிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம், கண்ணாடிபோல் ஆனதும் ஆறவைத்துத் துணியில் வடிகட்டவேண்டும். ஜப்பானியக் கோசோ தாளைக் கிழித்து (வெட்டாமல், கிழித்த நார் ஓரம்தான் பிடிக்கும்) உட்புறத்திலிருந்து ஒட்டி, மேலே மெழுகுத்தாள் வைத்து, எடை வைத்து 24 மணி நேரம்.

உம்பிலோ அக்கா · மார்ச் 4

மைதா பசை ஆகாதா? பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்களே, பூச்சி வராது.

மரநிறம் · மார்ச் 4

மைதாவில் பசைப்புரதம் இருக்கிறது, பழுக்கும், ராமபாணத்துக்கு விருந்து. துத்தம் பூச்சியை விரட்டும், உண்மை. ஆனால் செம்பு தாளை உள்ளிருந்து அரிக்கும். கணக்குப் புத்தகத்துக்குச் சரி, ஐம்பது வருடம் இன்னும் இருக்கவேண்டிய பெட்டிக்கு வேண்டாம். ஸ்டார்ச் தனியாகவே கடையில் கிடைக்கிறது.

கடலோரன் · மார்ச் 19

பிஸ்கட் டப்பா திறந்தேன். பொம்மைகள்மேல் சாம்பல் படிந்ததுபோல் வெள்ளைத் தூள். துடைத்துவிட்டேன்.

மரநிறம் · மார்ச் 19

துடைத்தது ஈரத்துணியா? அப்படியில்லை என்றால் மேசையையும் கையையும் இப்போதே ஈரத்துணியால் துடையுங்கள், துணியைக் குப்பையில் போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். அது தூசி இல்லை, ஈயக் கார்பனேட். நஞ்சு.

பொம்மைக்குள் இருக்கும் ஈயத்தை அசிடிக் அமில ஆவி தின்பதால் வருவது. காடி வாடை எங்கிருந்து வருகிறதோ அதுதான் காரணம்: ஓக் மரம், எம்.டி.எஃப். பலகை, மட்ட அட்டை, குளியலறையில் அடிக்கும் சிலிகோன் பசை. கிரெனடியர் நிறுவனம் 1980 முதல் அட்வான்ஸ்டு டி அண்ட் டி முத்திரையோடு விற்ற பெட்டிகளில் பொம்மைகளைப் பதித்திருக்கும் ஸ்பாஞ்சும் நம்பத்தக்கதல்ல. மஞ்சளாகிப் பொடிந்து ஒட்டிக்கொள்ளும். பெட்டியையும் ஸ்பாஞ்சையும் தனியாக, பொம்மைகளைத் தனியாக வையுங்கள்.

கையுறை, முகமூடி. சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, முழுக்கக் காயவைக்கவேண்டும். உலர்ந்த பிரஷ் கூடாது. பிறகு உலோக அலமாரி அல்லது பாலிபுரொப்பிலீன் பெட்டி, உள்ளே கொஞ்சம் ஆக்டிவேட்டட் கரி. புண் ஆழமாகி முகம் கரைந்துவிட்டது என்றால் அந்தப் பொம்மையை மற்றவற்றோடு வைக்காதீர்கள். 1993 முதல் ரால் பார்த்தா நிறுவனம் ஈயமில்லாத உலோகத்துக்கு மாறியது. அந்த வகைக்கு இந்த நோய் இல்லை.

மரநிறம் · ஏப்ரல் 12

இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள், வெள்ளத்தில் நனைந்தால் என்ன செய்வது என்று. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

48 மணி நேரத்துக்குள் பூசணம் தொடங்கும். சேறு இருந்தால் புத்தகத்தை மூடிய நிலையிலேயே சுத்தமான தண்ணீரில் அலசவேண்டும், திறக்கக்கூடாது. மெழுகுத்தாளில் சுற்றி, முதுகு கீழே இருக்க ஃப்ரீசரில். பிறகு ஒன்றொன்றாக எடுத்து, பத்துப் பக்கத்துக்கு ஒரு உறிஞ்சுதாள் வைத்து, விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்தவும். உறிஞ்சுதாளை முதல் நாள் மணிக்கொரு தரம் மாற்றவேண்டும். வழுவழு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று காய்ந்தால் கல்லாகிவிடும், அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் புத்தகத்தை விட்டுவிடுங்கள்.

கடலோரன் · ஏப்ரல் 20

இனி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி எவ்வளவு?

மரநிறம் · ஏப்ரல் 20

அச்சிட்ட புத்தகத்துக்குச் சுங்கத்தீர்வை இல்லை, வாட் உண்டு. பொருளின் விலையோடு 10 விழுக்காடு கூட்டி, அந்தத் தொகைக்கு 15 விழுக்காடு. 1000 ராண்ட் புத்தகம் என்றால் 1100க்கு 165. கூரியர் என்றால் அவர்களுடைய கையாளும் கட்டணம் தனி. சில சமயம் அது வரியைவிட அதிகம், முதலிலேயே கேளுங்கள். பகடையும் பொம்மையும் புத்தகக் கணக்கில் வராது. ஒரே பொட்டலத்தில் போட்டால் விற்பவர் ரசீதில் ஒவ்வொன்றையும் பிரித்து எழுதவேண்டும்.

பொதி பற்றி விற்பவரிடம் சொல்லவேண்டியது: முதலில் பிளாஸ்டிக் பை, அதன் இருபுறமும் நெளியட்டை, ஒன்றின் வரி நெடுக்காக, மற்றதன் வரி குறுக்காக. ஒட்டுநாடா பையைத் தொடக்கூடாது. பிரிக்கும் கத்தி அட்டையில் இறங்குவது அங்கேதான்.

உம்பிலோ அக்கா · ஜூன் 27

வறண்ட காற்று வந்துவிட்டது. இன்று காலை ஈரமானி 44. பெட்டிகளைத் திறந்து விரிக்கலாம்.

கடலோரன் · ஜூன் 27

விரித்தாயிற்று. வெள்ளைப் பெட்டியையும் சோதித்தேன். இரண்டு புத்தகம் ஹாபிட், ஒன்று ஹாஃப்லிங். பட்டியல்தாள் இல்லை.

மரநிறம் · ஜூன் 27

ஹாஃப்லிங் இருக்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் பழைய ஜோடி தேடுங்கள். மற்ற இரண்டையும் தனி உறையில் போட்டு, எது எந்தப் பெட்டியில் வந்தது என்று பென்சிலால் உறைமேல் எழுதிவையுங்கள். புத்தகத்தின்மேல் வேண்டாம்.

மரநிறம் · ஜூன் 28

தலைகீழாக எழுதிவிட்டேன். ஹாபிட் இருக்கும் இரண்டும்தான் பழையவை, அவற்றுக்குத்தான் மூன்றாவது தேடவேண்டும். ஹாஃப்லிங் புத்தகம் பிந்திய பெட்டிக்காரருக்குப் போகட்டும். பட்டியல்தாள் கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள்.